நாலடி அகல நடைவழியில் ஒரு மடக்குப் பெஞ்சு: பழைய வண்ணாரப்பேட்டை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சுவரில் மாட்டும் மடக்குப் பெஞ்சு வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் பலகையைப் பார்க்கிறார்கள், அடுத்து பிராக்கெட்டை. சுவர் கடைசியில்தான் கண்ணில் படுகிறது. வடசென்னையின் பழைய வீடுகளில் இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நாம் உட்காரும் உயரம் தரையிலிருந்து ஒன்றரை அடி. இங்குள்ள பழைய சுவர்கள் அதிகம் நைந்திருப்பதும் தரையிலிருந்து மூன்றடிக்குள்தான். பெஞ்சைத் தாங்க வேண்டிய இடமும் சுவர் பலவீனமாக இருக்கும் இடமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. வீட்டு மராமத்து வேலைகளை எடுத்துச் செய்பவன் என்ற முறையில், பழைய வண்ணாரப்பேட்டையில் செய்த ஒரு வேலையை ஆரம்பம் முதல் இங்கே எழுதிவைக்கிறேன்.

வீடும் தேவையும்

எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது அந்த வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை (மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது), சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். தெருக்கதவைத் திறந்தால் நாலடி அகலத்தில் நீளமான நடை. கீழே இரண்டு குடித்தனம், மாடியில் ஒன்று. நடையின் இடப்பக்கச் சுவரில் மூன்று வீட்டுக்குமான ஈ.பி. மீட்டர்கள். கோடியில் மெட்ரோ வாட்டர் அடிபம்பு. சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடையாது என்பதால் இரவானால் பைக்குகள் நடைக்குள் வந்துவிடும்.

உட்கார இடம் தேவைப்பட்டது கீழ் வீட்டு ஆயாவுக்கு. எழுபதைக் கடந்தவர், இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. செருப்பு மாட்டவும் கழற்றவும் உட்கார வேண்டும். காலையில் பம்பில் தண்ணீர் வரும் நேரத்தில் குடங்கள் நிறையும்வரை உட்கார வேண்டும். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசுவதும் அந்த நடையில்தான். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள். வண்டி வரும்போதெல்லாம் யாராவது அதை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். திருப்பிப் போட யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பேரன் முக்கோண வடிவ மடக்கு பிராக்கெட் ஒரு ஜோடி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். சுவரில் இரண்டு பிராக்கெட், மேலே ஒரு பலகை, கால் இல்லை, வேண்டாதபோது மடங்கிக்கொள்ளும். பெட்டியின் மேல் 150 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. அதை மாட்டிக் கொடுத்தால் போதும் என்றுதான் கேட்டார்கள். ஆயா மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, காலே இல்ல? நான் உக்காந்து எழுந்துக்க சொல்ல புட்டுக்கிச்சுன்னா?" என்றார். இந்த வேலையில் கேட்க வேண்டிய சரியான கேள்வியை அவர்தான் கேட்டார்.

சுவர் சொன்னது

பெஞ்சு வர வேண்டிய வலப்பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுவானது. சின்னச் சுத்தியால் தரையிலிருந்து மேல்நோக்கித் தட்டிக்கொண்டே போனோம். கீழ் இரண்டரை அடிவரை பெரும்பாலான இடங்களில் பொத் பொத்தென்ற வெற்றுச் சத்தம். பூச்சு சுவரைவிட்டுக் கழன்று தனியாக நிற்கிறது என்று அர்த்தம். அதற்கு மேலே கெட்டியான சத்தம். பெயிண்ட் உரிந்த இடங்களில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நடையில் தேங்கிய தண்ணீரின் கறை, தரையிலிருந்து ஏறக்குறைய ஓரடி உயரத்தில் கோடு போட்டது போல இன்னும் தெரிந்தது.

உப்பு எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் தானாகப் புரியும். அந்த வீட்டிலிருந்து கடல் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். நிலத்தடி ஈரத்தில் உப்பு கரைந்திருக்கிறது. செங்கலிலும் சுண்ணாம்புச் சாந்திலும் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக அந்த ஈரம் மேலே ஏறுகிறது. பழைய வீடுகளில் அடித்தளத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது, எனவே தடை எதுவும் இல்லை. மேற்பரப்புக்கு வந்த நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். அது துளைக்குள்ளேயே படிகமாக வளர்ந்து, செங்கலின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உதிர்க்கும். இந்த ஈரம் சாதாரணமாக மூன்றடி உயரம்வரை ஏறும்.

இந்த வீட்டில் யாரோ ஒரு காலத்தில் உப்பை மறைப்பதற்காகச் சிமெண்ட் பூச்சு பூசியிருந்தார்கள். வடசென்னையில் பாதி வீடுகளில் இதைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனது கஷ்டப்படுகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் மறைந்துபோவதில்லை, இன்னும் கொஞ்சம் மேலே ஏறி வேறு இடத்தில் வெளியேறும். நல்ல எண்ணத்தில் செய்த காரியம் சுவரின் மேல் பகுதியையும் கெடுக்கத் தொடங்கிவிடும்.

வெளியே தெரியாத ஒரு மூலையில் டிரில்லின் ஹேமரை அணைத்துவிட்டு, சும்மா சுற்றவிட்டுச் சோதனைத் துளை போட்டோம். ஒன்றரை அடி உயரத்தில் போட்ட துளையிலிருந்து வந்தது தூள் இல்லை, ஈரமான சிவப்புக் குழைவு. பிட் எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போனது. மூன்றரை அடி உயரத்தில் போட்டதில் காய்ந்த செந்தூள் வந்தது, பிட் செங்கலைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் போனது. ஒரே சுவர், ஆனால் கீழே ஒன்று, மேலே வேறொன்று.

கால் இல்லாத பெஞ்சின் கணக்கு

பேரனுக்கு இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதிக் காட்டினேன். இரண்டு பேர் உட்கார்ந்தால் 150 கிலோ. பிராக்கெட்டின் சுவர்ப்பக்கக் கையில் மேல் துளையிலிருந்து கீழ் விளிம்புவரை 13 செ.மீ. சாய்ந்து நன்றாக உட்கார்ந்தால் உடல் எடை சுவரிலிருந்து 18 செ.மீ. தள்ளி விழும் என்று வைத்துக்கொள்வோம். 150-ஐ 18-ஆல் பெருக்கி 13-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 208 கிலோ. மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவை அது.

முழங்கால் வலிக்காரர்கள் சாய்ந்து உட்கார மாட்டார்கள். விளிம்பில்தான் உட்காருவார்கள், எழும்போது விளிம்புக்கு வந்துதான் எழுவார்கள். அப்போது எடை 30 செ.மீ. தள்ளி விழும். இழுவை ஏறக்குறைய 350 கிலோ ஆகிவிடும், ஒரு பிராக்கெட்டுக்கு 175. தொப்பென்று உட்கார்ந்தால் அதுவும் இரட்டிப்பாகும். கடப்பாரையின் நுனியை அழுத்தி ஆணியைப் பிடுங்குவது மாதிரி, உட்காருகிற ஒவ்வொரு முறையும் நாமே போல்ட்டைப் பிடுங்குகிறோம். பெட்டியில் போட்டிருந்த 150 கிலோ அந்த இரும்பின் திறன். அதைப் பிடித்திருக்கும் சுவரைப் பற்றி அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது.

நல்ல கான்கிரீட்டில் இந்த இழுவையைத் தாங்க வைக்க முடியும். விரலால் சுரண்டினால் உதிரும் ஈரச் செங்கலில் முடியாது. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் அடிக்கும் ஃபாஸ்ட்னர் துளைக்குள் விரிந்து, பக்கங்களை நெருக்கித்தான் பிடிக்கும். நைந்த செங்கலில் அந்த நெருக்கலே செங்கலைப் பிளந்துவிடும். போதாததற்கு அது சாதா இரும்பாக இருந்தால் உப்பில் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் துளையைச் சுற்றி விரிசல் வந்துவிடும்.

சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்கலாம், அது நல்ல வழி. ஆனால் மறுபக்கம் அடுத்த வீட்டுச் சமையலறை. அதைக் கேட்பதே நியாயமில்லை.

எடையைத் தரைக்கு இறக்கிய வடிவம்

சரி, சுவரால் இழுவையைத் தாங்க முடியாது. செங்குத்தாகக் கீழே வரும் எடையைத் தரை தாங்கும். சுவரிடம் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்று: சட்டம் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது. இந்த இடத்திலிருந்துதான் ஆசாரியும் நானும் வடிவத்தை யோசித்தோம்.

இரண்டு அங்குலக் கனத்தில் இரண்டு செங்குத்துக் கட்டைகள் தரையில் நிற்கும். அவற்றின் தலைக்கு மேல் மூன்றரை அடி நீளத்துக்கு, இரண்டு அங்குல அகலத்தில் நிலையான பின்பலகை. அதில் கீல் போட்டு, பன்னிரண்டு அங்குல அகலப் பலகை கீழ்நோக்கித் தொங்கும். ஒவ்வொரு கட்டையிலும் கதவு போலத் திறக்கும் ஒரு கால் சட்டம். மூடியிருக்கும்போது இரண்டு சட்டங்களும் உள்பக்கமாக மடங்கிக் கட்டைகளின் கனத்துக்குள்ளேயே அடங்கிவிடும், பலகை அவற்றை மறைத்துத் தொங்கும். சுவரிலிருந்து மொத்தம் மூன்றரை அங்குலம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். பைக்கின் ஹேண்டில் பாரே இரண்டரை அடிக்குக் கிட்ட வரும், நாலடி நடையில் இந்த மூன்றரை அங்குலம் இடைஞ்சல் செய்யாது.

மேல்நோக்கி மடங்கும் பெஞ்சை நான் வேண்டாம் என்றதற்குக் காரணம், மாடி வீட்டுக் குழந்தைகள். ஆறு கிலோவுக்கு மேல் எடையுள்ள தேக்குப் பலகை சுவரில் நிமிர்ந்து நிற்கும், ஒரு கொக்கிதான் அதைப் பிடித்திருக்கும். கொக்கி விட்டால் நேராகக் குழந்தையின் தலையில் விழும். கீழே தொங்கும் பலகை ஏற்கெனவே விழுந்த நிலையில்தான் இருக்கிறது.

இனி வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரெட் ஆக்சைடு தரை, எதிர்ப்பக்கம் இருக்கும் சாக்கடைக் கால்வாயை நோக்கிச் சாய்ந்திருந்தது. நாலடிக்கு முக்கால் அங்குலச் சரிவு, ஓரடிக்கு ஏறக்குறைய 5 மி.மீ. கால் சட்டம் சுவரோரம் மடங்கியிருக்கும்போது அதன் அடியில் தரை உயரம், திறந்து வெளியே வந்தால் தரை தாழ்வு. வெளியே வந்த நிலைக்கு அளவெடுத்தால் மடக்கும்போது தரையில் தேய்த்து நின்றுவிடும். உள்ளே இருக்கும் நிலைக்கு அளவெடுத்தால் திறந்தபோது தரையைத் தொடாமல் தொங்கும், உட்கார்ந்ததும் மொத்த எடையும் கீலில் ஏறும். கால் இருந்தும் பயனில்லை.

திறந்த இடத்தில் தரையில் ஒரு கல்லை ஒட்டிவிடலாமா என்று பேரன் கேட்டார். வயதானவர் நடக்கும் வழியில் 5 மி.மீ. மேடுகூடத் தடுக்கும். ஆசாரி சுலபமாகச் சொன்னார்: "தரை எப்படி சாயுதோ, கீலும் அப்படியே சாயணும். மேல் கீலை ஒரு நூல் வெளிய தள்ளுனா சரியாப்பூடும்."

அதாவது இரண்டு கீல்களுக்கும் நடுவே ஓரடி இடைவெளி. மேல் கீல் கீழ்க் கீலைவிட 5 மி.மீ. முன்னால் வந்தால், கீலின் அச்சு தரைக்குச் செங்குத்தாகிவிடும். கால் சட்டம் சுற்றும் பாதையும் தரைக்கு இணையாகிவிடும். எங்கே நின்றாலும் அடிக்கும் தரைக்கும் நடுவே அதே இடைவெளி. சட்டத்தின் தலையும் வெளியே வரும்போது 5 மி.மீ. தாழும், அதற்குப் பலகையின் அடியில் அதே சரிவில் சீவிய ஆப்பு ஒன்றை ஒட்டினால் முடிந்தது. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. எங்களுக்கு ஒன்றரை நூல் தேவைப்பட்டது.

இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அச்சு முன்னால் சாய்ந்திருப்பதால், பலகையைத் தூக்கியதும் கால் சட்டங்கள் தாமாகவே வெளியே சுற்றி வருகின்றன. சுவருக்கு நேர் குறுக்காக நிற்கும் இடம்தான் அவற்றுக்கு மிகத் தாழ்வான இடம், எனவே அங்கேயே வந்து நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் நகராமல் இருக்கப் பலகையின் அடியில் தடுப்புக் கட்டைகளும் வைத்தோம்.

ஆயா குனிய முடியாதவர். தொங்கும் பலகையின் கீழ் விளிம்போ தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கிறது. அதைப் பிடித்துத் தூக்கச் சொன்னால் பெஞ்சு யாருக்காக என்ற கேள்வி வரும். கட்டிலுக்குப் பின்னும் நைலான் நாடா ஒன்றைப் பலகையின் விளிம்பில் இணைத்து, மறுமுனையை இடுப்பு உயரத்தில் ஒரு கொக்கியில் மாட்டினோம். நின்றபடியே நாடாவை இழுத்தால் பலகை எழும்பும், கால்கள் வெளியே வரும், நாடாவை விட்டால் பலகை அவற்றின் மேல் அமரும். மடக்குவதற்கு நாடாவை லேசாகத் தூக்கிக் கால் சட்டங்களைப் பாதத்தால் உள்ளே தள்ளினால் போதும்.

உயரத்துக்குப் புத்தக அளவை நம்பவில்லை. தாழ்வான ஒரு பெஞ்சின் மேல் பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி ஆயாவை உட்கார்ந்து எழச் சொன்னோம். தாழ்வாக இருந்தால் எழ முடியவில்லை, அதிகம் உயர்த்தினால் பாதம் தரையில் பதியவில்லை. பதினேழரை அங்குலத்தில் இரண்டும் ஒத்துவந்தது.

சுவரில் பதித்த கம்பிகள்

பெஞ்சு வரும் பகுதியில் கழன்றிருந்த சிமெண்ட் பூச்சை மேஸ்திரி முழுவதும் கொத்தி எடுத்தார். உதிர்ந்த செங்கல் முகங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்பைக் காய்ந்த நிலையிலேயே துடைத்தெடுத்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் கலந்த பூச்சு போட்டோம். சுண்ணாம்பு இறுக வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் இருந்தவர்கள் அவசரப்படாமல் காத்திருந்தது பெரிய உதவி.

பூச்சு இல்லாமல் செங்கல் தெரிந்த நேரத்திலேயே துளைகளுக்கு இடம் குறித்துக்கொண்டோம். சாந்துக் கோட்டில் துளை வரவே கூடாது, செங்கலின் நடுவில் வர வேண்டும். கட்டைக்கு இரண்டு வீதம் துளைகள். செங்கலுக்குள் நாலு அங்குலம் ஆழம், அதற்கு மேல் போகவில்லை. பொதுச் சுவர் என்பதால் பக்கத்து வீட்டில் முன்பே சொல்லி, அவர்களுக்குத் தோதான நேரத்தில் டிரில் போட்டோம்.

துளையில் 10 மி.மீ. மரை போட்ட எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பியைக் கெமிக்கல் ஆங்கர் பசையில் பதித்தோம். இந்தப் பசை விரிந்து நெருக்குவதில்லை, ஒட்டிப் பிடிக்கிறது, எனவே பழைய செங்கலுக்கு ஏற்றது. ஆனால் தூசியின் மேல் ஒட்டாது. ஊதி, பிரஷ் விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி ஊத வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஆட்கள் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான், பின்னால் கம்பி கையோடு வருவதும் இதனால்தான். துளைக்குள் பொத்தல்கள் இருந்தால் பசை அங்கே வழிந்து காணாமல் போகும், அதனால் முதலில் சல்லடை உறையைச் செருகி அதற்குள் பசையை நிரப்ப வேண்டும். பசையைப் பிதுக்கும் துப்பாக்கியின் முனையிலிருந்து முதலில் வருவதைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு பாகமும் கலந்து ஒரே நிறமாக வந்த பிறகே துளைக்குள் விட வேண்டும். ஈரச் செங்கலுக்கு ஆகும் என்று எழுதியிருக்கும் பசையைத்தான் வாங்கினோம். சென்னை வெயிலில் அது சீக்கிரம் இறுகும், ஒரு துளையை நிரப்பி உடனே கம்பியைத் திருகிச் செருகிவிட்டு அடுத்ததற்குப் போவதே நல்லது.

மரக்கட்டை சுவரை ஒட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நடுவே 10 மி.மீ. நைலான் வளையங்கள், காற்று ஓட வழி. கட்டைகளின் அடியில் ஓர் அங்குலக் கடப்பா கல் துண்டு. மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும், நடையில் தண்ணீர் நிற்பது வருஷாவருஷம் நடப்பது. வெட்டுமுகங்களில் எப்பாக்சியும் பூசினோம்.

எஸ்.எஸ். விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மண்ணடிக் கடைகளில் 202 என்ற ரகமும் கிடைக்கும், 304 என்ற ரகமும் கிடைக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டிலுமே காந்தம் பொதுவாக ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், கடற்காற்றில் அது பழுப்புப் புள்ளி விடும். பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு சொட்டு வைத்து நிறம் பார்க்கும் சோதனைத் திரவமும் எஸ்.எஸ். வியாபாரிகளிடம் கிடைக்கும், எதிரிலேயே வைத்துக் காட்டச் சொல்லலாம். கீல்களுக்கு வீட்டில் இருந்த பழைய பித்தளைக் கீல்களையே சுத்தம் செய்து போட்டோம்.

மரமும் வீட்டுடையதே. மாடியில் முன்பு கூரை மாற்றியபோது எடுத்து வைத்த தேக்குக் கட்டைகள் இருந்தன. இழைப்புக்கு அனுப்பும் முன் காந்தத்தை ஓட்டி உள்ளே மறைந்திருந்த ஆணிகளைப் பிடுங்கினோம். கட்டைகள் இல்லாவிட்டால் வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளுக்குத்தான் போயிருப்போம். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை மட்டுமே இந்த நடைக்குச் சரிப்படும். பலகையை ஒரே துண்டாகப் போடாமல், நடுவே இடைவெளி விட்டு மூன்று பட்டைகளாகப் போட்டோம். குடத்திலிருந்து சிந்தும் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும். மேலே லின்சீட் எண்ணெய் மட்டும்.

கைப்பிடி

பெஞ்சுக்குப் பக்கத்தில் ஆயா எழுந்திருக்க ஒரு செங்குத்துக் கைப்பிடியும் வைத்தோம். வேடிக்கை மாதிரித் தோன்றும், சுவரிடம் பெஞ்சைவிட அதிகம் கேட்பது இந்தக் கைப்பிடிதான். பெஞ்சின் எடை தரைக்குப் போய்விடுகிறது. கைப்பிடியை ஆயா தன் பக்கம் இழுத்துத்தான் எழுவார். அது முழுக்க இழுவை. அதனால் அதன் கீழ்முனையே மூன்றடிக்கு மேல் வரும்படி, சோதனைத் துளையில் காய்ந்த தூள் வந்த பகுதியில் பதித்தோம். இன்னும் தாழ்வாக இருந்தால் பிடிக்க வசதி என்று அவர் மகள் கேட்டார். வசதிதான், ஆனால் ஈரச் செங்கலை நம்பி ஒரு வயதானவரின் எடையை விட நான் தயாராக இல்லை.

சோதனை

தெருமுனை அரிசிக் கடைக்காரர் ஆறு மூட்டை கொடுத்து உதவினார். 2022 ஜூலையில் 25 கிலோவரையிலான பைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து மூட்டை 26 கிலோவாக வருகிறது, ஆகவே மொத்தம் 156 கிலோ. முதலில் பரவலாகவும், பிறகு எல்லாவற்றையும் முன் விளிம்புக்குத் தள்ளியும் அடுக்கினோம். பகல் முழுவதும் அப்படியே இருந்தது. முன் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று காலையிலும் சாயங்காலமும் ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், மாற்றம் இல்லை. கம்பிகளைச் சுற்றிப் பூச்சில் மயிரிழை விரிசல்கூட இல்லை. அப்புறம் ஆசாரி தொப்பென்று உட்கார்ந்து பார்த்தார். ஆயா அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

ஒரு மழைக்காலம் கழித்து

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். நடையில் தண்ணீர் வந்து போயிருந்தது. கடப்பா கல்லுக்கு மேலே மரம் உலர்ந்திருந்தது. சுண்ணாம்புப் பூச்சில் மறுபடி உப்பு பூத்து, கீழே லேசாகப் பொடி உதிர்ந்திருந்தது. வீட்டார் இதைக் கண்டு கவலைப்பட்டார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஈரத்தையும் உப்பையும் தன் வழியாக வெளியே விட்டுத் தான் உதிர்வதுதான் அந்தப் பூச்சின் வேலை, செங்கல் தப்பிக்கிறது. சில வருஷங்களுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

ஒரு கால் சட்டம் ஈரத்தில் ஊதிப் பக்கக் கட்டையில் உரசியது. ஆசாரி இழைப்புளியால் ஒரு சீவு சீவினார். நாடா பம்புத் தண்ணீரில் நனைந்து நனைந்து கறுத்திருந்தது, புதிதாக மாற்றினோம். கம்பிகளின் நட்டுகளை ஸ்பேனர் வைத்துப் பார்த்ததில் ஒன்றும் தளரவில்லை. நட்டு, கீல் திருகு, நாடா மூன்றையும் அக்டோபருக்கு முன்னால் வருஷம் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லி, ஸ்பேனரையும் பேரனிடமே கொடுத்துவிட்டேன்.

செலவில் ஆசாரியின் கூலிதான் பெரியது. அடுத்தது எஸ்.எஸ். கம்பிகளும் பசையும் கைப்பிடியும். காலில்லாத பிராக்கெட்டை மாட்டியிருந்தால் இதில் சிறு பங்குதான் ஆகியிருக்கும். பேரன் வாங்கிய அந்த பிராக்கெட்டுகள் வீணாகவில்லை. மாடி வீட்டில், கான்கிரீட் தூணில், துணி மடிக்கும் பலகை ஒன்றைத் தாங்கிக்கொண்டு நன்றாகவே வேலை செய்கின்றன.

அதே சந்தில் எதிர் வீட்டுக்காரரும் இதே மாதிரி வேண்டும் என்று கேட்டார். அவருடைய நடைச் சுவர் பின்னால் எழுப்பிய நாலரை அங்குலத் தடுப்பு. அதில் நாலு அங்குலத் துளை போட்டால் மறுபக்கம் வந்துவிடும். அங்கே மறுபக்கமும் அவருடைய அறையே என்பதால், கம்பியை முழுக்க ஊடுருவவிட்டுப் பின்னால் 304 தகடு வைத்து முடுக்கும்படி வரைந்து கொடுத்திருக்கிறேன். தண்டையார்பேட்டையில் புது அடுக்ககம் ஒன்றில் இருக்கும் அவருடைய தம்பிக்கும் ஒரு பெஞ்சு தேவையாம். அங்கே சுவர் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல் என்கிறார். டிரில்லோடு ஒரு நாள் போய் அதில் சோதனைத் துளை போட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்கு வடிவம் சொல்ல முடியும்.